தவளையின் கல்லீரலும் நீரின் மாசும்

தவளை தன் வாயாற் கெடும் என்பது நம் நாட்டுப் பழமொழி. மழைக்காலத்து இரவில் வாய் ஓயாது கத்தித் தன் இருப்பிடத்தைப் பாம்புக்குத் தானே அறிவித்துவிடும் அப்பிராணியைக் கண்டு நம் முன்னோர் இவ்வாறு கூறிப் போந்தனர். இக்காலத்திலோ தவளை தன் வாயால் மட்டுமன்றித் தன் தோலாலுங் கெடுகின்றது. மக்கள் குளத்திலும் வாய்க்காலிலும் எவற்றைக் கொட்டுகின்றனரோ அவை அதன் மெல்லிய தோலின் வழியே உட்புகுந்து, குருதியோடு கலந்து, இறுதியிற் கல்லீரலைச் சென்று சேர்கின்றன. அவ்வாறு சேர்ந்தவை அவ்வுறுப்பின் திசுக்களில் விளைக்கும் மாறுதல்கள் யாவை, அம்மாறுதல்களைக் கண்டு நீரின் நிலையை நாம் அறிதல் கூடுமோ என்பனவே இக்கட்டுரையின் பொருளாம்.

நன்னூலார் சூத்திர நிலைகளுள் தவளைப் பாய்த்து என ஒன்றனைக் கூறுவர். எம் கட்டுரை தவளையைப் பற்றியதேயாயினும் அது தவளைப் பாய்த்தாகச் செல்லாது ஆற்றொழுக்காகச் செல்லவேண்டுமென்பது எம் விருப்பம். ஆதலின், நீர் உடலிற் புகும் வழியை முதற்கண் கூறி, பின்னர்க் கல்லீரலின் அமைப்பையும், அது நஞ்சை எதிர்கொள்ளும் முறையையும், நுண்ணோக்கியிற் காணப்படும் அடையாளங்களையும், அவற்றைப் பிழையறப் படிக்கும் நெறியையும் முறையே கூறுவோம்.

நீர் புகும் வழி

தவளை வாயினால் நீர் பருகுவதில்லை. ஈரமான மண்ணின்மீதோ ஆழமில்லாத நீரிலோ அமர்ந்து, தன் அடிவயிற்றின் பின்பாகத்திலும் தொடைகளின் உட்புறத்திலும் உள்ள தோலின் வழியே நீரை உறிஞ்சிக்கொள்கின்றது. மீனுக்குள்ள செதிலோ, பல்லிக்குள்ள தடித்த மேற்றோலோ அதற்கு இல்லை. அத்தோல் மூச்சுவிடும் உறுப்பாகவும் பயன்படுவதால் எப்பொழுதும் ஈரமாகவும் மெல்லியதாகவும் இருத்தல் இன்றியமையாதது. நன்மை புகும் வாயிலே தீமைக்கும் வாயிலாயிற்று.

அதன் வாழ்க்கை இருவகைப்பட்டது. ஓடில்லாத முட்டையாகவும் தலைப்பிரட்டையாகவும் நீரில் வாழ்ந்து, பாசியையும் அடிச்சேற்றையும் அரித்துத் தின்று வளர்கின்றது. பின்னர்க் கால் முளைத்துக் கரையேறிப் பூச்சிகளைத் தின்று வாழ்கின்றது. எனவே நீரிற் கரைந்த நஞ்சு தோலின் வழியாகவும், சேற்றிற் படிந்த நஞ்சு தலைப்பிரட்டையின் உணவின் வழியாகவும், பயிரின்மேற் றெளித்த நஞ்சு பூச்சிகளின் வழியாகவும் அதனை அடைகின்றன. ஓர் ஊரின் நீர், நிலம், பயிர் ஆகிய மூன்றின் நிலையையும் ஓருடலிற் பெற்றிருக்கும் பிராணி தவளை எனின் அது மிகையாகாது.

கல்லீரலின் அமைப்பும் தொழிலும்

விலங்கியல் பயின்ற பழைய மாணவர்கள் ரானா டைக்ரினா என்னும் பெயரை மறந்திரார். இப்பொழுது ஹாப்ளோபட்ராக்கஸ் டைகரினஸ் என்று வழங்கப்படும் அப்பெருந்தவளையின் உடலைத் திறந்த அளவிலே இதயத்தை அடுத்துக் கண்ணிற் படுவது செம்பழுப்பு நிறமுள்ள கல்லீரலாம். அது வலம், இடம், நடு என மூன்று மடல்களாகப் பிரிந்து, பசிய பித்தப்பையைத் தன்னிடையே தாங்கி நிற்கும்.

கல்லீரலுக்குக் குருதி வரும் வழிகளை நாம் நன்கு மனத்திற் கொள்ளவேண்டும். குடலினின்று உணவுச் சத்தைக் கொண்டுவரும் வாயில்நாளம் ஒன்று. பின்கால்களினின்றும் சிறுநீர்ப்பையினின்றும் வயிற்றுச் சுவரினின்றும் குருதியைக் கொண்டுவரும் முன்வயிற்று நாளம் மற்றொன்று. இவ்விரண்டும் அன்றி, உயிர்வளி மிக்க குருதியைத் தரும் தமனியும் உண்டு. குடலாற் கொண்டதும் பின்னுடலிற் கலந்ததும் ஆகிய பொருள்களுட் பெரும்பகுதி உடலெங்கும் பரவுதற்கு முன்னரே கல்லீரலைக் கடந்தாக வேண்டும். நகரத்தின் வாயிலில் அமைந்த சுங்கச் சாவடியைப் போல்வது அவ்வுறுப்பு.

அச்சாவடியிற் பணிபுரிவோர் இருவகையினர். முதல்வகையினர், தொழில் செய்யும் கல்லீரல் உயிரணுக்கள். இவை உண்ட உணவின் சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்னும் மாப்பொருளாக்கிச் சேமித்து வைக்கின்றன. அப்பொருளைப் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார் 1857-ஆம் ஆண்டிற் கல்லீரலினின்று பிரித்தெடுத்தார். மேலும் இவ்வணுக்களே பித்தநீரைச் சுரக்கின்றன. குருதியின் புரதங்களை ஆக்குகின்றன. பெண்தவளையின் முட்டைக்கு வேண்டும் கருவுணவின் முதற்பொருளை உண்டாக்குகின்றன. உடலிற் சேரும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றுகின்றன.

இரண்டாம் வகையினர், அணுவரிசைகளுக்கு இடையே குருதி கசிந்தோடும் நுண்கால்வாய்களிற் காவல் நிற்பவர். 1876-ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய கூப்ஃபர் கண்டு கூறியமையால் அவர் பெயரால் இவை கூப்ஃபர் அணுக்கள் எனப்படும். தேய்ந்த குருதியணுக்களையும் வேண்டாத துகள்களையும் விழுங்கி அழிப்பது இவற்றின் கடன். தவளையின் கல்லீரலில் இவ்வினத்தைச் சார்ந்த பல அணுக்கள் கரிய நிறமியைத் தம்முட் கொண்டு, தனித்தும் திரண்டும் கரும்புள்ளிகளாகத் தோன்றும். இக்கரும்புள்ளிகள் இக்கட்டுரையிற் பின்னர் முதன்மை பெறுவன. ஆதலின் மாணவர் இவற்றை நினைவில் வைப்பாராக.

நஞ்சை எதிர்கொள்ளுமாறு

நஞ்சு வந்தடைந்தபொழுது கல்லீரல் என்ன செய்கின்றது? பெரும்பாலும் அதன் முயற்சி, கொழுப்பிற் கரையும் பொருளை நீரிற் கரையும் பொருளாக மாற்றிப் பித்தத்தோடோ சிறுநீரோடோ வெளியேற்றுதலேயாம். இதற்கென அதன் உயிரணுக்களில் ஸைட்டோகுரோம் என்னும் பெயருடைய நொதிகள் பல உள. பல பொருள்கள் இவற்றால் தீங்கற்றனவாய் மாறி அகலுகின்றன.

ஆயினும் எல்லாப் பொருள்களிலும் இம்முயற்சி நன்மையில் முடிவதில்லை. மாலத்தியான் என்னும் பூச்சிக்கொல்லியை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு பகுதியைக் கல்லீரலின் நொதிகள் உடைத்துத் தீங்கற்றதாக்குகின்றன. மற்றொரு பகுதியை அதே கல்லீரலின் வேறு நொதிகள் மாலாக்ஸான் என்னும் பொருளாக மாற்றிவிடுகின்றன. பின்னதோ முன்னதினும் கொடிய நஞ்சு. நரம்புகளின் இயக்கத்தைக் கெடுப்பது. எண்டோஸல்பானும் அத்தன்மையதே, அது உடலில் எண்டோஸல்பான் ஸல்பேட் என்பதாக மாறியும் தன் கொடுமையில் குறைவதில்லை. வேலியே பயிரை மேய்ந்தாற்போலக் காக்கும் உறுப்பே நஞ்சை ஆக்கும் உறுப்பாக மாறும் வியப்பை இங்கே காண்கின்றோம். நஞ்சு பிறக்கும் இடத்தில் உள்ள அணுக்களே பல சமயங்களில் முதலிற் புண்படுதலும் இதனால் விளங்கும்.

உலோகங்களின் வரலாறு வேறு. அவற்றை உடைத்தழிக்க எந்நொதியாலும் இயலாது. ஆகவே அவற்றைக் கட்டிச் சிறைப்படுத்துதலே கல்லீரல் கையாளும் வழி. காட்மியம், துத்தநாகம், செம்பு முதலியவற்றைப் பற்றிக்கொள்ளும் சிறிய புரதம் ஒன்று உண்டு; மெட்டலோதயோனீன் என்பது அதன் பெயர். 1957-ஆம் ஆண்டிற் குதிரையின் சிறுநீரகத்தில் இது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பாஸ்பேட் உரங்களில் காட்மியம் சிறிதளவு கலந்திருத்தலால், தொழிற்சாலை இல்லாத சிற்றூர் வயலிலும் அவ்வுலோகம் சேர இடமுண்டு. உலோகம் மிகமிக இப்புரதமும் மிகும். சிறை நிரம்பி வழியுமாயின், தளைப்படாத உலோகம் அணுவின் உள்ளமைப்பைச் சிதைக்கத் தொடங்கும்.

குரோமியம் இரு நிலைகளில் உள்ளது. மூவிணைதிறமுள்ளது அணுவினுள் எளிதிற் புகாது. ஆறிணைதிறமுள்ளதோ எளிதிற் புகுந்து, உள்ளே மூவிணைதிற நிலைக்கு மாறுங்கால் அணுவின் புரதங்களையும் மரபுப் பொருளையும் ஊறுபடுத்துகின்றது. ஓர் உலோகத்தின் பெயரை மட்டும் அறிந்தால் போதாது, அதன் நிலையையும் அறிதல் வேண்டுமென்பதற்கு இஃதொரு சான்று.

இவையன்றி, நஞ்சென்று சொல்லத்தகாத அளவிலேயே உடலை ஏமாற்றும் பொருள்களும் உள. சாக்கடை நீரிற் கலந்துவரும் சில இரசாயனங்கள் பெண்மைச் சுரப்பை ஒத்திருக்கின்றன. அவற்றைப் பெற்ற ஆண்தவளையின் கல்லீரல், தான் ஒருபொழுதும் ஆக்க வேண்டாத முட்டைக் கருவுணவுப் புரதத்தை ஆக்கத் தொடங்குகின்றது. அத்தவளை சாவதில்லை, வெளித்தோற்றத்தில் வேறுபடுவதுமில்லை. அதன் குருதியையும் கல்லீரலையும் ஆராய்வோர்க்கே உண்மை புலனாகும்.

தலைப்பிரட்டை தவளையாக மாறும் பருவத்தை இங்கே தனியே குறித்தல் தகும். தலைப்பிரட்டை தன் கழிவை அம்மோனியாவாகவே நீரில் விட்டுவிடுகின்றது. கரையேறவேண்டிய தவளையோ அதனை யூரியாவாக மாற்றியாக வேண்டும். அதற்குரிய நொதிகள் கல்லீரலில் அப்பருவத்திலேயே பெருகுகின்றன. பழைய தொழிலை விட்டுப் புதிய தொழிலைக் கற்கும் அந்நாள்களில் நஞ்சையும் எதிர்க்கவேண்டி வருமாயின் அச்சிறு பிராணியின் துன்பம் இருமடங்காதல் இயல்பேயன்றோ?

வெட்டுத்துண்டிற் காணும் அடையாளங்கள்

கல்லீரலின் சிறு துண்டைப் பார்மலினிற் பதப்படுத்தி, மெழுகிற் பொதிந்து, ஒரு மில்லிமீட்டரை 200 பங்கு செய்ததில் ஒரு பங்கு தடிப்புள்ள ஏடுகளாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைப்பது வழக்கம். ஹிமடாக்ஸிலின் என்னும் சாயம் அணுக்கருவை நீலமாகவும், இயோசின் என்பது சூழ்ந்த பகுதியைச் செந்நிறமாகவும் காட்டும். நலமுள்ள கல்லீரலில் அணுக்கள் ஒழுங்காக நிரல்பட்டு, கருக்கள் உருண்டு, இடைக்கால்வாய்கள் குறுகி விளங்கும்.

மாசுற்ற நீரில் வாழ்ந்த தவளைகளிடத்து ஆராய்ச்சியாளர் கண்டுள்ள மாறுதல்களைப் படிமுறையில் வைத்துக் கூறலாம். முதற்படியில் அணுக்கள் நீர்கொண்டு வீங்கும்; கிளைக்கோஜன் சேமிப்புக் குறையும். இரண்டாம் படியில் அணுக்களினுள்ளே வெற்றிடங்கள் போன்ற குமிழிகள் தோன்றும். கொழுப்புத் துளிகள் தங்கும். இடைக்கால்வாய்கள் விரிந்து குருதி தேங்கும். மூன்றாம் படியில் கருக்கள் சுருங்கிக் கறுத்து, அணுக்கள் ஆங்காங்கே மடிந்து, அவ்விடத்தை நார்த்திசு நிரப்பும். இவற்றோடு கூப்ஃபர் அணுக்களும் கரும்புள்ளிகளும் எண்ணிலும் பருமனிலும் மிகுதல் உண்டு. முதலிரு படிகளில் நேர்ந்தவை நீர் தூயதானாற் பெரும்பாலும் மீளத்தக்கவை. மடிந்த அணு மீளாது. கல்லீரல் புதிய அணுக்களைத் தோற்றுவிக்க வல்லதேயாயினும் இடையறாத நஞ்சின்முன் அவ்வன்மையும் தளரும்.

ஈண்டு ஒரு சிறு எச்சரிக்கை வேண்டும். மெழுகிற் பொதிவதற்காகப் பயன்படுத்தும் திரவங்கள் கொழுப்பைக் கரைத்துவிடுகின்றன. ஆகவே ஏட்டிற் காணும் வெற்றுத்துளை கொழுப்பிருந்த இடமாகவும் இருக்கலாம். நீர் தேங்கிய இடமாகவும் இருக்கலாம். கிளைக்கோஜன் கரைந்தொழிந்த இடமாகவும் இருக்கலாம். கொழுப்பைக் காண உறையவைத்துச் சீவிய ஏடும், கிளைக்கோஜனைக் காண அதற்குரிய சாயமும், கரும்புள்ளியில் இரும்பு உண்டோ எனக் காணப் பெர்ல்ஸ் என்பாரின் நீலச்சாயமும் தனித்தனியே வேண்டும். ஒரு சாயத்தைக் கொண்டு எல்லாவற்றையும் துணிதல் அறிவுடைமை ஆகாது.

கரும்புள்ளியின் மயக்கம்

இனி, மேலே நினைவில் வைக்கும்படி கூறிய கரும்புள்ளிகளுக்கு வருவோம். அவற்றினுள் மெலனின் என்னும் கரியநிறமியும், இரும்பு கலந்த பழுப்புநிறமியும், பழைய கொழுப்பின் எச்சமாகிய மஞ்சட்பழுப்பு நிறமியும் கலந்திருக்கும். நஞ்சினால் விளையும் தீய உயிர்வளிப் பொருள்களை மெலனின் தன்னுள் ஏற்றுத் தணிக்கும் என்பர். ஆகவே மாசு மிக்க இடத்துத் தவளையின் கல்லீரல் கறுத்திருத்தலைக் கண்டால், இது மாசின் விளைவே என்று துணிய மனம் விழையும்.

அங்கேதான் மயக்கம் உள்ளது. குளிர்நாடுகளில் மாசு சிறிதுமில்லாத நீரில் வாழும் தவளையின் கல்லீரலும் மாரிக்கால உறக்கத்தின்போது கறுக்கின்றது. இளவேனிலில் மீண்டும் வெளுக்கின்றது. முதுமையாலும் பட்டினியாலும் நோயாலும் அப்புள்ளிகள் மிகுதல் உண்டு. கிளைக்கோஜனும் அவ்வாறே. உறக்கத்திற்கு முன் நிறைந்திருப்பது, உறக்கம் கழிந்தபின் குறைந்திருக்கும். நம் நாட்டிலோ கோடையில் மண்ணுட் புதைந்து கிடக்கும் தவளையும், வடகிழக்குப் பருவமழையில் வயிறார உண்டு திரியும் தவளையும் ஒரே இனத்தனவாயினும் ஒரே கல்லீரலை உடையன அல்ல. வைகாசியிற் பிடித்த மாசுக்குளத்துத் தவளையை ஐப்பசியிற் பிடித்த தூயகுளத்துத் தவளையோடு ஒப்பிட்டு, வேறுபாடு அனைத்தையும் மாசின்மேல் ஏற்றுவோன் நீரைப் பற்றி ஒன்றும் கூறினானல்லன். பருவத்தைப் பற்றியே கூறினான்.

ஒப்புநோக்கும் நெறி

இம்மயக்கம் தீர வழி யாது? ஒரே இனம், ஒரே பால், ஏறக்குறைய ஒரே பருமன், ஒரே பருவம் என்பன ஒத்திருக்க, நீர் ஒன்றே வேறுபட்டிருக்கும் இரண்டு இடங்களைத் தேர்ந்துகொள்ளுதல் முதல் விதி. நீரிலும் சேற்றிலும் கல்லீரலிலும் நஞ்சின் அளவை இரசாயன முறையால் அறிந்து, திசுவின் மாறுதலோடு சேர்த்து நோக்குதல் இரண்டாம் விதி. எந்த ஏடு எக்குளத்தது என்பதை அறியாத ஒருவரே நுண்ணோக்கியிற் கண்டு மதிப்பிடுதல் மூன்றாம் விதி. கண் தான் எதிர்பார்ப்பதையே காணும் இயல்புடையது. அதனைக் கட்டுப்படுத்தாத ஆராய்ச்சி வழக்குரையாகுமேயன்றித் தீர்ப்பாகாது.

2005-ஆம் ஆண்டில் வெளிவந்த இத்தாலிய ஆராய்ச்சி ஒன்று, ரானா எஸ்குலென்டா என்னும் தவளையின் கல்லீரலிற் சூழலின் மாசு விளைக்கும் மாறுதல்களை ஆராய்ந்தது. தொழில் செய்யும் அணுக்களை மட்டுமோ கரும்புள்ளிகளை மட்டுமோ நோக்காது, இரண்டையும் ஒருங்கே எடுத்துக்கொண்டமை அதன் சிறப்பு. உழைப்போன் மெலிவையும் காவலன் விழிப்பையும் சேர்த்துக் கண்டாலன்றிச் சாவடியில் நிகழ்ந்தது விளங்காதன்றோ?

ஐயத்தை இன்னும் நன்கு அகற்றவல்ல முறை ஒன்றும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் கரோலினா மாநிலத்தில் ஸவானா ஆற்றை அடுத்து, மின்னாக்கும் நிலையம் ஒன்றன் நிலக்கரிச் சாம்பல் நீர் தேங்கிய குட்டைகள் இருந்தன. 1990-ஐ அடுத்த ஆண்டுகளில் அங்கே ஆராய்ந்தோர், தூய இடத்தில் வாழ்ந்த தேரைகளைக் கொணர்ந்து அக்குட்டையோரத்தில் அடைத்துவிட்டனர். சில வாரங்களுக்குள் ஆர்சனிக், செலினியம் முதலியன அவற்றின் உடலில் ஏறின. பிறப்பும் இனமும் ஒன்றாக இருக்க இடம் ஒன்றே மாறியமையால், காரணம் இடமே என்பது ஐயமின்றி விளங்கிற்று. அக்குட்டைகளில் வாழ்ந்த தலைப்பிரட்டைகளுள் மிகப்பலவற்றின் வாயிற் பல்வரிசை குறைபட்டிருந்தது; அவை வாளா இருக்கும்பொழுதும் தூய நீரிலுள்ளவற்றினும் மிகுதியான ஆற்றலைச் செலவிட்டன. நஞ்சை எதிர்த்தலாகிய போருக்கு ஆற்றலே செலவு. அச்செலவு மிக்க இடத்தில் வளர்ச்சிக்கு எஞ்சுவது சிறிதே.

தவளை எல்லா நஞ்சுக்கும் ஒப்பற்ற முன்னறிவிப்பாளன் என்று கொள்ளுதலும் தகாது. டையாக்ஸின் என்னும் நஞ்சு உடலணுவிலுள்ள ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டே தன் கொடுமையைச் செய்கின்றது. ஸெனோபஸ் என்னும் ஆப்பிரிக்கத் தவளையில் அப்புரதம் டையாக்ஸினை வலுவின்றியே பற்றுகின்றது என்பது 2005-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியால் தெளிந்தது. ஆகவே டையாக்ஸின் கலந்த நீரில் தவளை நலமாக இருப்பதைக் கண்டு மக்களுக்கும் நலமே என்று முடிவுகட்டினால் அது பெருந்தீங்காம். எந்த நஞ்சுக்கு எந்த உயிர் சான்று என்பதை அறிந்தே சான்று கேட்டல் வேண்டும்.

நம் நாட்டு நிலை

இவற்றையெல்லாம் நாம் அறிதலாற் பயன் என்ன என்று ஒருவர் வினவலாம். பாலாற்றங்கரையைக் காண்க. வடஆர்க்காட்டுப் பகுதியின் தோல் பதனிடும் தொழிற்சாலைகளினின்று வெளிப்பட்ட கழிவுநீரால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் சிறிதளவோ முற்றிலுமோ பயிரிடத் தகுதியற்றதாயிற்று என்னும் செய்தி உச்சநீதிமன்றத்தின் தீர்ப்பிலேயே இடம்பெற்றுள்ளது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அவ்வழக்கில் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்புக் கூறிய நீதிமன்றம், முன்னெச்சரிக்கைக் கொள்கையையும், மாசு செய்தவனே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கையையும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதிகளாக ஏற்றுக்கொண்டது. பெருந்தீங்கு நேரக்கூடும் எனத் தோன்றுமிடத்து, முழுத்தெளிவு கிட்டவில்லை என்பதையே காரணமாகக் காட்டித் தடுப்பு முயற்சியைத் தள்ளிப்போடலாகாது என்பது முன்னெச்சரிக்கையின் கருத்து.

கேரள நாட்டுக் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின்மேல் எண்டோஸல்பான் வான்வழியே தெளிக்கப்பட்டமையும், 2000-ஆம் ஆண்டில் அது நின்றமையும், அதன்பின் மக்கள் பட்ட துன்பமும் யாவரும் அறிந்தன. 2011-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாளே உச்சநீதிமன்றம் அந்நஞ்சுக்கு நாடெங்கும் தடை விதித்தது. மக்களின் உடல் சான்றாகும் வரையிற் காத்திருத்தல் எத்துணைப் பெரிய விலை! நீர்நிலையில் வாழும் சிற்றுயிரின் கல்லீரல் முன்னரே தரும் குறிப்பைப் படிக்கவல்லார் ஊர்தோறும் இருப்பின் அவ்விலையிற் பெரும்பகுதியை நாம் கொடுக்க வேண்டியிராது. முன்னெச்சரிக்கை என்னும் சட்டநெறிக்குக் கண்ணாக அமைவது இத்தகைய கல்வியேயாம்.

தவளைக்காகவே தவளையைக் காத்தலும் நம் கடன். ஒரு காலத்தில் தவளையின் கால்கள் நம் நாட்டினின்று வெளிநாடுகளுக்குப் பெருவாரியாக ஏற்றுமதியாயின. வயலிற் பூச்சிகளைத் தின்னும் துணைவனை இழந்து, அப்பூச்சிகளுக்கு நஞ்சு தெளித்தல் பேதைமை என உணர்ந்து, 1987-ஆம் ஆண்டில் அரசினர் அதனைத் தடுத்தனர். 2023-ஆம் ஆண்டில் வெளியான உலகக் கணக்கெடுப்பு 8,011 நீர்நில வாழ் இனங்களை ஆராய்ந்து, அவற்றுள் 100-க்கு ஏறக்குறைய 41 அழியும் நிலையில் உள்ளன எனக் கூறிற்று. காடும் நீர்நிலையும் அழிதல், தோலைப் பற்றும் பூஞ்சைநோய், தட்பவெப்ப மாறுதல் ஆகியன இதற்குப் பெருங்காரணங்கள். மாசு தனியே நின்று கொல்லாவிடினும், கல்லீரலின் சேமிப்பைக் கரைத்து உடலைத் தளர்த்திப் பிற பகைகளுக்கு வாயிலைத் திறந்துவிட வல்லது.

மாணவர் செய்யத்தக்கன

முற்காலத்தில் ஒவ்வொரு மாணவனும் ஒரு தவளையை அறுத்தே கல்லீரலைக் கற்றான். பல்கலைக்கழக மானியக் குழு 2011-ஆம் ஆண்டில் அவ்வழக்கத்தைப் படிப்படியாக நீக்கும்படி நெறி வகுத்தது. அதனைக் குறைவென்று எவரும் கருதற்க. முன்னரே ஆக்கிவைத்த ஏடுகளைக் கொண்டு திசுவைக் கற்கலாம். உரிய இசைவு பெற்ற ஆராய்ச்சியாளர், இன்றியமையாத அளவிற் சில தவளைகளையே கொண்டு மேற்கூறிய விதிகளின்படி ஆராய்தல் போதும். கல்லூரிகள் காத்துவைத்திருக்கும் பழைய ஏடுகளில் இடமும் நாளும் பாலும் குறிக்கப்பட்டிருப்பின், அவை அக்காலத்து நீரின் நிலைக்குச் சான்றாகும். குறிக்கப்படாதவை வெறுங் கண்ணாடித் துண்டுகளே. பெயர்ச்சீட்டு எழுதும் சிறிய ஒழுங்கில் எத்துணை பெரிய பயன் அடங்கியிருக்கின்றது என்பதை இளைஞர் எண்ணிப் பார்ப்பாராக.

மற்றையோர் செய்யத்தக்கதும் உண்டு. தத்தம் ஊரின் குளத்தை ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் நோக்கி, முதல் மழைக்குப்பின் எவ்வெத் தவளைகளின் குரல் கேட்கின்றது, முட்டைத்திரள் எங்கே காணப்படுகின்றது, தலைப்பிரட்டைகள் எந்நாளிற் கரையேறுகின்றன, வயலில் என்ன மருந்து எப்பொழுது தெளிக்கப்பட்டது என்பனவற்றை நாட்குறிப்பில் எழுதி வருதல் எவர்க்கும் அரிதன்று. ஒருவர் குறிப்பு ஓராண்டில் ஒன்றும் சொல்லாது. பலர் குறிப்புகள் பல்லாண்டு சேர்ந்தால், எக்குளத்து நீரையும் திசுவையும் ஆராயவேண்டும் என்பதை அவையே சுட்டிக்காட்டும்.

தொகுத்து நோக்கின், தவளையின் கல்லீரல் நீரின் வரலாறு எழுதப்பெறும் ஏடாகும். கிளைக்கோஜன் குறைதலும், குமிழி தோன்றலும், கரும்புள்ளி மிகுதலும் அதன் எழுத்துக்கள். அவ்வெழுத்துக்களை அறியாதவன் தவளைகள் மடிந்து மிதக்குங்காறும் நீர் நல்லதென்றே இருப்பான். எழுத்தை அறிந்தும் இலக்கணம் அறியாதவன் பருவம் எழுதியதையும் மாசு எழுதியதென்று படிப்பான். இரண்டையும் அறிந்தவனே தன் ஊர்க்கு உண்மை கூற வல்லவன். குளத்து நீரை அருந்துவோர் தவளைகள் மட்டுமல்லர் என்பதை நினைந்து, நம் மாணவர் இக்கல்வியை ஊக்கத்தோடு பயில்வாராக.